பயத்துக்கு நாள்கூலி

குவைத் நகரிலிருந்து தெற்கே, ஃபஹாஹீலுக்குப் பக்கத்தில் இருக்கிறது மங்காஃப். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழும் அடுக்குமாடிகள். நம்மவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு அக்காமா என்கிற வதிவிட அனுமதி, ஓவர்டைம், செட்டில்மென்ட். எல்லாம் தினாரில் எண்ணக்கூடியவை. ஏஜென்ட் சொன்ன வேலை ஒன்று, வந்து இறங்கியதும் கிடைத்த வேலை வேறு என்று தெரிந்த இரவில் தொலைந்த தூக்கத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

இந்த மண்ணில் பட்ட வேதனைக்கும் ஒருமுறை விலை போட்டார்கள். 1990 ஆகஸ்ட் 2 அன்று இராக் படை உள்ளே வந்தது. வரவேண்டிய சம்பளத்தையும் வாங்கிவைத்த சாமானையும் விட்டுவிட்டு, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஊர் திரும்பினார்கள், பெரும்பாலும் அம்மான் வழியாக. மறுவருடம் ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் அமைந்தது. பணம் இராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து. அதன் ‘சி’ பிரிவில் போன வேலைக்கும் போன பொருளுக்கும் பக்கத்திலேயே மன வேதனைக்கென்று தனி இனம் இருந்தது. கணவன், மனைவி, குழந்தை, பெற்றோர் யாரையாவது பறிகொடுத்தவருக்கு 15,000 டாலர் வரை. உயிருக்குப் பயந்து மூன்று நாளுக்கு மேல் ஒளிந்திருந்தவருக்கு 1,500 டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 50. பயத்துக்கு நாள்கூலி! சிரிப்பு வருகிறது, ஆனாலும் பயந்தாய் என்று ஒப்புக்கொண்டார்களே.

இன்று கம்பெனி ஒப்பந்தத்தை மீறினால் வழக்கு பெரும்பாலும் பாக்கிச் சம்பளம், பணிக்கொடை, டிக்கெட் என்று முடிந்துவிடுகிறது. குவைத்தின் 1980ஆம் ஆண்டு சிவில் சட்டம் மன வேதனையையும் சேதம் என்றே ஏற்கிறது. ஆனால் அக்காமா முடியப்போகிறவன் அதை நிரூபிக்க நீதிமன்றம் ஏறி இறங்குவானா, கிடைத்ததை வாங்கிக்கொண்டு விமானம் ஏறுவானா?

ஊரில் மட்டும் என்ன? கல்கத்தாவில் கிராமஃபோன் கம்பெனி மேலாளராக இருந்த அடிஸ் என்பவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அனுப்பிய விதத்தில் பட்ட அவமானத்துக்குக் காசு கிடையாது என்று 1909இல் லண்டன் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொல்லிவிட்டது. சாதாரண வணிக ஒப்பந்த மீறலில் மன வேதனைக்கு இழப்பீடு இல்லை என்று 2000இல் காஜியாபாத் வளர்ச்சிக் குழும வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் அதே வழியில் போனது. நுகர்வோர் நீதிமன்றத்தில் கதை வேறு. ஃப்ரிட்ஜ் பழுதானால் ‘மன உளைச்சலுக்கு’ என்று தனித்தொகை தருகிறார்கள். குவைத்தில் சம்பாதித்து அந்த ஃப்ரிட்ஜை வாங்கியவன் அங்கே பட்டதற்குத் தீர்ப்பில் அப்படியொரு வரி கிடைப்பது அரிது.

2024 ஜூன் 12, அதிகாலையில் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று தீப்பிடித்தது. 14ஆம் தேதி 45 இந்தியர்களின் உடல்களோடு விமானப்படை விமானம் கொச்சியில் இறங்கியது. ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். மாநில அரசு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் அறிவித்தது, பிரதமர் நிதியிலிருந்து 2 லட்சம். இரண்டுக்கும் பெயர் நிவாரணம்.