பங்கு யோசனை சொல்பவர் யார்?

நமது வணிகர்களில் பலர் இப்போது கல்லாவில் அமர்ந்தபடியே கைபேசியில் பங்கு வாங்குகிறார்கள். எதை வாங்குவது என்று சொல்ல யூடியூபிலும் டெலிகிராமிலும் ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

தன் பணத்தை எதில் போட்டேன், எவ்வளவு போனது என்று ஒருவர் எழுதுவது அவர் அனுபவம். என் வரையில், நட்டக் கணக்கையும் சேர்த்து எழுதுபவரைத்தான் படிக்கிறேன். ஆனால் ‘இந்தப் பங்கை வாங்குங்கள்’ என்று கட்டணம் பெற்றுச் சொல்வது தொழில். அதற்குச் செபியிடம் பதிவு வேண்டும். 2013, 2014ஆம் ஆண்டு விதிகள் அப்படி.

யூடியூபில் ஆப்ஷன் வியாபாரம் பேசிப் புகழ்பெற்ற சென்னை பி.ஆர். சுந்தர், பதிவின்றி ஆலோசனை வழங்கியதாக எழுந்த வழக்கை 2023 மே மாதம் செபியுடன் சமரசமாக முடித்துக்கொண்டார். குற்றத்தை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. ஆயினும் அவர் தரப்பு 6 கோடி ரூபாய்க்கு மேல் செலுத்தியது. ஓராண்டு பங்கு வாங்கவோ விற்கவோ மாட்டோம் என்றும் ஒப்புக்கொண்டது.

2024இல் செபி வெளியிட்ட ஆய்வின்படி, முந்தைய 3 நிதியாண்டுகளில் பியூச்சர், ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்களில் 100க்கு 93 பேருக்கு நட்டம். ஆளுக்குச் சராசரியாகச் சுமார் 2 லட்ச ரூபாய். ஒரு சிறு மளிகைக் கடையின் சரக்கு முதல் அது!

திண்டுக்கல் பூட்டு வாங்க வருபவர் எத்தனை லீவர் என்று கேட்காமல் விலை பேசுவதில்லை. பங்கு யோசனை சொல்பவரிடமும் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆலோசகருக்கு ‘ஐ.என்.ஏ.’ என்றும், ஆய்வாளருக்கு ‘ஐ.என்.எச்.’ என்றும் தொடங்கும். செபியின் இணையதளத்தில் பெயரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ‘லாபம் நிச்சயம்’ என்று சொல்லப் பதிவு பெற்றவருக்கும் அனுமதி கிடையாது.