தோட்டக் குடும்பம் ஒன்றின் வம்சாவளி



வம்சாவளி என்றதும் நம் மனத்தில் முதலில் தோன்றுவன அரச பரம்பரைகளும் நிலக்கிழார் குடும்பங்களுமே. செப்பேடும் காணி உறுதியும் வைத்திருப்போர் தம் முன்னோரை ஏழு தலைமுறைக்கு எண்ணிச் சொல்வர். சப்பிரகமுவ மாகாணத்து இறப்பர் மலைகளிலும் தேயிலை மலைகளிலும் லயக் காம்பிராக்களில் வாழ்ந்தோரை நோக்கி, உன் பூட்டன் யார் என்று எவரும் கேட்டதில்லை. கேட்க நேர்ந்தபோது, கேட்டது சட்டம்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசை ஆகவேண்டுமாயின், அவருடைய தந்தை இந்நாட்டிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். சட்டம் எல்லோருக்கும் பொதுவானதுதான். ஆயினும் கிராமத்துக் குடியானவரிடம் பூட்டனின் பிறப்புக்குச் சான்று கேட்டவர் எவருமிலர். தோட்டத் தொழிலாளியே அதைத் தேடி அலையலானார். அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் வம்சத்துக்குப் பதிலாகத் தொடர்ந்த வாசத்துக்குச் சான்று கேட்டது. அதன்கீழ் விண்ணப்பித்தோர் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர். உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே.

சான்று இல்லாமற் போனதேன்? தோட்டத்துப் பிறப்புகள் பல பதியப்படவில்லை. பதியப்பட்டவற்றிலும் பெயர்க் குழப்பம் மிகுதி. வீட்டில் கருப்பையா என்றழைக்கப்பட்டவன் செக்ரோலில் கருப்பன் ஆனான். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திலோ வேறொரு பெயர் நின்றது. இதனோடு நம் பழைய வழக்கம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் மரபு. பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் திரிபு. இம்மரபினால் ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறைதோறும் திரும்பத் திரும்ப வரும். குமாஸ்தாவுக்கு இது தலைவேதனை. ஆராய்பவனுக்கோ நல்ல துணை. பேரனின் பெயர் தெரிந்தால் பாட்டனின் பெயரை ஒருவாறு ஊகித்துவிடலாம்.

ஏடுகளை இழந்த மக்கள் உலகில் வேறிடத்தும் உண்டு. வட அமெரிக்காவின் கீழ்க்கரையில் அக்காடியா என்னும் பகுதியில் குடியேறி வாழ்ந்த பிரெஞ்சு உழவர்களை 1755இல் ஆங்கிலேயர் கப்பலேற்றி வெளியேற்றினர். அவர்களுட் சிலர் பல ஆண்டுகள் அலைந்து, 1765இல் பிரான்சைச் சார்ந்த பெல்-ஈல் என்னும் தீவில் 78 குடும்பங்களாகக் குடியமர்ந்தனர். அவர்களுடைய கோயிற் பதிவேடுகள் கடலுக்கப்பால் சிதறிப்போயின. 1767இல் அதிகாரிகள் குடும்பத் தலைவர்களை அழைத்து, தந்தை, பாட்டன், பிறந்த ஊர், மணந்த இடம் ஆகியவற்றைச் சத்தியப் பிரமாணத்தின்மேற் சொல்லச் செய்து எழுதிக்கொண்டனர். இன்று உலகெங்கும் பரந்து வாழும் அக்காடியக் குடும்பங்கள் தம் வேரைத் தேடும்போது அவ்வேடுகளையும் புரட்டுகின்றன. முதியோர் நினைவு அங்கே ஏடாயிற்று. நம் மலைகளில் அவ்வாறு எழுதிக்கொள்வார் இல்லை.

ஆயினும் தேடினால் வழியுண்டு. எட்டியாந்தோட்டைப் பக்கத்தில் நான் அதிபராயிருக்கும் பாடசாலையின் மாணவி ஒருத்தியின் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். முதற் சான்று பாடசாலையின் சேர்வு இடாப்பு. அதில் அவளுடைய தந்தை பெயரும், அதே பாடசாலையிற் படித்த பாட்டன் பெயரும் கிடைத்தன. அதற்கு முந்திய ஆள் தோட்டப் பேரேட்டில், ஒரு கங்காணியின் பெயரின்கீழ் இருந்தார். கங்காணியைப் பிடித்தால் பாதிக் காரியம் முடிந்தது. ஏனெனில் கங்காணிமார் பெரும்பாலும் தம் ஊராரையும் உறவினரையுமே திரட்டிவந்தனர். சில்லறைக் கங்காணியின் ஆட்கள் என்றால் அநேகமாக ஒரே ஊரின் பங்காளிகளும் மாமன் மைத்துனருமே.

தோட்டத்தின் பெயரிலும் எச்சரிக்கை வேண்டும். ஏட்டில் ஆங்கிலப் பெயர் ஒன்று, தொழிலாளர் வாயில் தமிழ்ப் பெயர் ஒன்று. பாட்டி சொல்லும் தோட்டத்தைத் தேசப்படத்தில் தேடுபவர் காணமாட்டார்.

கடல் கடந்த வழியை அறியச் சில அடையாளங்கள் உள. இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆள்களுக்குத் தகர வில்லை கொடுக்கும் முறை வந்தது. சேரவேண்டிய தோட்டத்தைக் காட்டும் எழுத்தும் எண்ணும் அதிற் பொறிக்கப்பட்டிருந்தன. மண்டபம் முகாமிற் பரிசோதிக்கப்பட்டு, 1914 முதல் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கியோர் பலர். தூத்துக்குடியிலிருந்து நேரே கொழும்புக்கு வந்தோரும் உளர். களனிவெளிப் புகையிரதம் 1903இல் எட்டியாந்தோட்டையையும் 1912இல் இரத்தினபுரியையும் எட்டிற்று.

இவை யாவும் பாதையைச் சொல்லும்; ஊரைச் சொல்லா. ஊரைச் சொல்வது குலதெய்வம். பத்திரம் எதையும் கொண்டுவராத குடும்பமும் குலதெய்வக் கோயிலின் பிடிமண்ணைக் கொண்டுவந்து மலையடிவாரத்தில் வைத்து வழிபட்டது. அத்தெய்வத்தின் பெயரையும் கோயிலின் திசையையும் ஊர்க் கண்மாயின் பெயரையும் பாட்டிமார் மறப்பதில்லை. சட்டம் தந்தைவழியை மட்டுமே கேட்டது. அந்தத் தந்தைவழியையும் நினைவில் வைத்திருந்தோர் பெண்கள்.

மாணவியின் பூட்டன் புதுக்கோட்டைச் சீமையிலிருந்து வந்தவர். அவருக்கு மக்கள் மூவர். 1964 அக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்திடப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்ற 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கிட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் பிரித்தது. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. ஒரே காம்பிராவில் வாழ்ந்தோர் வெவ்வேறு விண்ணப்பம் எழுதினர். மூத்தவர் இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்று, தந்தை வந்த மண்டபம் வழியாகவே திரும்பிப்போய், நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்காக அரசு அமைத்த தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்து பறிக்கும் வாழ்வைத் தொடங்கினார். வேறு சிலர் புனலூரிலும் சுள்ளியாவிலும் இறப்பர் பால் எடுக்கச் சென்றனர். சொந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டோர் என்று பத்திரம் கூறிற்று. அங்கிருந்தோர் அவர்களைச் சிலோன்காரர் என்றனர்!

மகள் இரத்தினபுரி மாவட்டத்தில் வாழ்க்கைப்பட்டவர். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் அக்குடும்பம் வவுனியாவுக்குப் பெயர்ந்தது. அங்கே காடு வெட்டிக் குடியிருந்தோருட் பலர் மலையகத்திலிருந்து அவ்வாறு சென்றவரே. இளையவரான மாணவியின் பாட்டன் மட்டும் அதே லயத்தில், எந்நாட்டுக்கும் உரியராகாமல் இருந்தார். 1964 அக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாய் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியபோதுதான் அவருக்கு நாடு கிடைத்தது. அதற்கு அவர் பூட்டனைத் தேடவேண்டியிருக்கவில்லை.

மாணவி வரைந்த வம்சாவளிப் படத்தில் இன்று மூன்று கிளைகளும் உள. நீலகிரியிலுள்ள உறவினர், குலதெய்வத்தின் பெயரைக்கொண்டு விசாரித்துப் புதுக்கோட்டை ஊரையும் கண்டறிந்தனர். பூட்டனின் தமக்கை வழியினர் இன்னும் அங்கே இருக்கின்றனர். கோயிலின் பழைய தலைக்கட்டு வரி ஏட்டில் பூட்டனின் பெயர் அடிக்கப்படவில்லை; அதன் எதிரே, கண்டிக்குப் போயிருக்கிறார் என்று எழுதியிருந்ததாம்.