அம்மா சொல்வதும் ஒரு பரிசோதனைதான்



வைட்டமின் ஏ குறைந்தால் பொழுது சாய்ந்ததும் கண் தெரியாது. இதைத்தான் நாம் மாலைக்கண் என்கிறோம். இரத்தம் எடுத்தும் சோதிக்கலாம். ஆனால் ஊர் ஊராக ஆய்வகத்துக்கு எங்கே போவது?

1970-களின் கடைசியில் இந்தோனேசியாவில் டாக்டர் ஆல்பிரட் சாமர் குழுவினர் கிராமங்களுக்குப் போனார்கள். அங்கே மாலைக்கண்ணுக்குக் ‘கோழிக்குருடு’ என்று பேர். இருட்டினால் கோழிக்குக் கண் தெரியாதல்லவா! “உங்க பிள்ளைக்குக் கோழிக்குருடு இருக்கா?” என்று தாய்மாரிடம் கேட்டார்கள். “இருக்கு” என்று தாய் சொன்ன பிள்ளைகளின் இரத்தத்தில், மற்ற பிள்ளைகளைவிட வைட்டமின் ஏ குறைவாகவே இருந்தது. இப்படிப்பட்ட பிள்ளைகள் அதிகமாக இறப்பதும் பிறகு தெரியவந்தது. ஆகவே இது கண்ணோடு போகிற விஷயம் இல்லை, உயிர் விஷயம்.

நாமும் கவனிப்போம். அந்தி நேரத்தில் பிள்ளை தட்டுத் தடுமாறுதா? விளையாடாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்துக்குதா? வெள்ளை விழியில் நுரை மாதிரி திட்டு இருக்கா? உடனே கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகிவிடும்.

9-ஆம் மாதம் தொடங்கி 5 வயதுக்குள் தருகிற வைட்டமின் ஏ திரவம் மொத்தம் 9 தவணை. ஒன்றையும் விட்டுவிடாதீர்கள். முருங்கைக்கீரையும் பப்பாளியும் வாரம் தவறாமல் பிள்ளை தட்டில் இருக்கட்டும். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசுவோம்!