பூட்டுமுன் திருத்தப்படும் மதிப்பெண்

பெங்களூரு: அல்சூரை அடுத்த மர்பி டவுன் போன்ற தமிழர் குடியிருப்புகளில், குடும்பத்தின் முதல் பட்டதாரி பெறும் சான்றிதழ் சொத்துப் பத்திரத்துக்குச் சமம். அத்தகைய சான்றிதழ்களைப் போலிகளிடமிருந்து காக்கும் முயற்சி ஒன்று இதே நகரில்தான் நடைபெற்று வருகிறது. மத்திய அரசின் தேசிய தகவலியல் மையம், 2020 ஜனவரியில் இங்கு பிளாக்செயின் தொழில்நுட்பத்துக்கெனத் தனி மையம் தொடங்கியது.

பிளாக்செயின் என்பது சங்கிலிப் பதிவேடு. ஒவ்வொரு பதிவும் முந்தைய பதிவின் கணித அடையாளத்தைச் சுமந்திருக்கும். பிரதிகள் பல கணினிகளில் இருக்கும். ஒன்றைத் திருத்தினால் அடுத்துள்ளவை முரண்பட்டுக் காட்டிக்கொடுக்கும். சி.பி.எஸ்.இ. வாரியம் 2021-இல் தனது சான்றிதழ்களை இவ்வாறு பதியத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் கான்பூர் ஐஐடி பட்டமளிப்பு விழாவில் இம்முறையிலான பட்டங்களைப் பிரதமர் மோடி வழங்கினார்.

எனினும், பல்கலைக்கழகங்களின் நோய் சான்றிதழ் அச்சாகும் முன்பே தொடங்கிவிடுகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஏப்ரல்-மே தேர்வுக்கு மறுமதிப்பீடு கோரி 3 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. அதில் பணம் பெற்று மதிப்பெண் கூட்டப்பட்டதாக 2018-இல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. இறுதி மதிப்பெண்ணை மட்டும் சங்கிலியில் ஏற்றினால், கூட்டப்பட்ட மதிப்பெண்ணும் அழியாத உண்மையாகிவிடும். விடைத்தாள் எண், முதல் மதிப்பெண், மறுமதிப்பீடு செய்தவர், மாற்றிய நேரம் என ஒவ்வொரு படியும் உடனுக்குடன் பதிவானால்தான் பயன் உண்டு.

எல்லாவற்றுக்கும் சங்கிலி தேவை என்பதுமில்லை. ஒரே ஆசிரியர் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டதை அறப்போர் இயக்கம் 2024 ஜூலையில் வெளிக்கொணர்ந்தது. 224 கல்லூரிகள், 353 ஆசிரியர்கள் என்பது அதன் குற்றச்சாட்டு. பெயர்ப்பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்த்தாலே பிடிபட்டிருக்க வேண்டிய மோசடி அது. பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை.

பிரதிகளை யார் வைத்திருப்பது என்பதே அரசியல் கேள்வி. சி.பி.எஸ்.இ. பதிவேட்டின் பிரதிகள் பெங்களூரு, புணே, ஜெய்ப்பூர் ஆகிய மூன்று இடங்களில் நிறுவப்பட்டன. மூன்றும் ஒரே தரப்பின் பொறுப்பில். அனைத்துப் பிரதிகளும் ஒருவர் கையில் இருந்தால், அவர் நினைத்தால் சங்கிலி முழுவதையும் மாற்றி எழுத இயலும். பல்கலைக்கழகத் தேர்வுப் பதிவேடு எனில், ஒரு பிரதியேனும் மாநிலத் தணிக்கைத் துறையிடமும் மற்றொன்று வேறொரு பல்கலைக்கழகத்திடமும் இருத்தல் வேண்டும். தன் மதிப்பெண்ணை எவர், எப்போது மாற்றினார் என்பதை மாணவர் கட்டணமின்றிப் பார்க்கும் உரிமையும் விதியில் இடம்பெற வேண்டும்.