இதய அறுவைக்குப் பின் பழைய புல்லட் எஞ்சினைப் பூட்டலாமா?

பைபாஸ் அறுவை முடிந்து வீடு திரும்புவோர், எப்போது நடக்கலாம், எப்போது படியேறலாம் என்று கேட்பது வழக்கம். சிலர் சற்றுத் தயங்கியபடி இன்னொன்றையும் கேட்பர்: "வீட்டில் பழைய புல்லட் பிரித்தபடியே கிடக்கிறது, அதன் எஞ்சினைப் பூட்டலாமா, டாக்டர்?" உடன் வந்த குடும்பத்தார் உடனே மறுத்துவிடுவர். எங்கள் விடையோ, "பூட்டலாம், ஆனால் உடல் தேறும் வரிசையில்" என்பதாகும்.

1955இல் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் தயாரித்த 350 சிசி புல்லட்டின் எஞ்சின் எளிய அமைப்புடையது. வார்ப்பிரும்பாலான ஒரே சிலிண்டர். அதன் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். கியர் பெட்டி தனியாக இருக்கும். ஆதலால் வீட்டிலேயே பகுதி பகுதியாகப் பூட்ட இயலும்.

முதல் கட்டம்: அமர்ந்து செய்யும் வேலை

அறுவையின்போது பிளக்கப்பட்ட மார்பெலும்பு நன்கு கூடுவதற்குப் பொதுவாக 6 முதல் 12 வாரங்கள் ஆகும். அதுவரை பளு தூக்குதலும், ஸ்பேனரை அழுத்தித் திருகுதலும் கூடாது. நட்டு, போல்ட்டுகளைத் தரம் பிரித்துப் பெயர் எழுதி வைக்கலாம். கார்புரேட்டரின் ஜெட்டுகளைத் துடைக்கலாம். மாற்ற வேண்டிய உதிரிபாகங்களுக்குப் பட்டியல் எழுதலாம். கழுவும் வேலையைக் காற்றோட்டமான இடத்தில், கையுறை அணிந்து, தீ அருகில் இல்லாதபோது செய்க. பெட்ரோலால் கழுவ வேண்டாம்.

இரண்டாம் கட்டம்: துணையோடு பூட்டுதல்

மருத்துவர் அனுமதித்த பின்னர் பிஸ்டனைப் பொருத்தலாம். ரிங்குகளின் வாய்கள் ஒரே நேர்கோட்டில் அமையாதவாறு திருப்பி வைக்க வேண்டும். பிஸ்டன் பின்னைத் தாங்கும் சர்க்லிப் புதியதாக இருக்கட்டும். அது கிராங்க் அறைக்குள் விழாதபடி வாயைத் துணியால் மூடுக; தெறித்துக் கண்ணில் படாதபடி கண்ணாடி அணிக. கனமான சிலிண்டரை மற்றொருவர் தூக்கி இறக்கட்டும்; ஹெட்டின் நட்டுகளையும் அவரே இறுக்கட்டும். புஷ்ராடு சரிபார்ப்பு உங்கள் பங்கு. எஞ்சின் குளிர்ந்த நிலையில், இரு வால்வுகளும் மூடியிருக்கும்போது, புஷ்ராடு விரலால் தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. இதற்கு வலிமை தேவையில்லை, பொறுமையே போதும்.

இறுதிக் கட்டம்: கிக்கர்

கிக்கரை ஓங்கி உதைக்கையில் மூச்சை அடக்குகிறோம். இரத்த அழுத்தம் சட்டென உயர்கிறது. பற்றவைப்பு நேரம் பிசகியிருந்தால் கிக்கர் திருப்பியடித்துக் கணுக்காலையும் முழங்காலையும் காயப்படுத்தும். ஆகவே முதல் முறை டிகம்ப்ரஷர் முறை அறிந்த மெக்கானிக்கே உதைக்கட்டும். உங்கள் முறை எப்போது என்பதை மருத்துவர் சொல்வார்.

மறவாமல் கவனிக்க வேண்டியவை

• மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. அது இரத்தத்தில் ஆக்சிஜன் செல்லும் வழியை மறிப்பதால், இதய நோயாளிகளை விரைவில் பாதிக்கும்.

• பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், ஓடும் எஞ்சினின் பிளக், காயில் ஆகியவற்றிலிருந்து பேஸ்மேக்கர் குறைந்தது 30 சென்டிமீட்டர் விலகியிருக்குமாறு நிற்க வேண்டும்.

• இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உட்கொள்வோருக்குச் சிறு வெட்டிலும் குருதி எளிதில் நிற்காது. தடித்த கையுறை அணிக.

• பழைய கிளட்ச் தட்டிலும் பிரேக் கட்டையிலும் கல்நார் கலந்திருக்கக்கூடும். அத்தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

• டேங்கிலிருந்து பெட்ரோலைக் குழாய் வைத்து வாயால் உறிஞ்சாதீர்கள். நுரையீரலுக்குள் சென்றால் கடும் அழற்சி உண்டாகும்.

குடும்பத்தாருக்கு

இதய அறுவைக்குப் பின் மனச்சோர்வு தோன்றுவது பலரிடமும் காணப்படுவதே. விரும்பிய வேலையை முற்றிலும் தடுத்தால் சோர்வு கூடலாம். தடுப்பதைவிட, அருகில் அமர்ந்து கனமானவற்றைத் தூக்கிக் கொடுப்பது நலம். வேலையின்போது நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் கருவியைக் கீழே வைத்துவிட்டு 108ஐ அழையுங்கள். மார்பெலும்பில் 'கடக்' என்ற அசைவு தெரிந்தால் வேலையை நிறுத்தி, அன்றே மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, எஞ்சின் வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.