பல்லி, ஓணானுக்கு புழு வளர்ப்பது எப்படி? எதை வளர்த்தால் சிறை? முழு விவரம்

காஞ்சிபுரம்னா பட்டுப்புடவை, அடுத்து வரதராஜப் பெருமாள் கோயிலின் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி. ஆனால் உயிருள்ள வெளிநாட்டு ஓணானை வீட்டில் வளர்க்கணும்னா, முதல் கேள்வியே சாப்பாடு தான்.

பட்டுப்புழு கிடைக்குமா?

பட்டு ஊராச்சே, புழுவும் இங்கேயே கிடைக்கும்னு நினைக்கலாம். ஆனால் காஞ்சிபுரத்தில் நடப்பது நெசவு. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகாவில் இருந்து வருகிறது. பட்டுப்புழு மென்மையான, நல்ல தீனி தான். ஆனால் தினமும் புது மல்பெரி இலை வேண்டும். சுமார் 25 நாளில் கூடு கட்டிவிடும்.

எளிதான வழி என்ன?

மீல்வார்ம் புழு. மூடியில் காற்றுத் துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் 2 அங்குல உயரத்துக்கு கோதுமைத் தவிடு போடுங்க. ஈரத்துக்கு கேரட் துண்டு போதும். தண்ணீர் ஊற்றினால் பூஞ்சை பிடிக்கும். புழு கூட்டுப்புழுவாகி, வண்டாகி, தவிட்டிலேயே முட்டை இடும். கூட்டுப்புழுவையும் முட்டையையும் வண்டுகளே தின்றுவிடும் என்பதால் 2 வாரத்துக்கு ஒருமுறை வண்டுகளை வேறு டப்பாவுக்கு மாற்றணும்.

கால்சியம் ஏன் முக்கியம்?

இந்தப் பூச்சிகளில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அப்படியே கொடுத்தால் ஓணானின் எலும்பு வளையும், தாடை மென்மையாகும். அதனால் தீனியாகக் கொடுப்பதற்கு ஒருநாள் முன்பே புழுக்களுக்கு கீரை, காய்கறி கொடுத்து, கடைசியாக கால்சியம் பொடியில் புரட்டணும். கால்சியம் உடலில் சேர யுவிபி விளக்கும் அவசியம். ஓணானின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தை விடப் பெரிய பூச்சி வேண்டாம். வயலில் பிடித்த பூச்சியில் மருந்து இருக்கலாம், தவிர்த்துடுங்க.

இன்னொன்று, இகுவானா இலை தின்னும் பிராணி. அதற்குப் புழுவே கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

உடும்பு, நட்சத்திர ஆமை போன்றவை வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. வீட்டில் வைத்திருந்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். இகுவானா போல சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை, 2024-ல் வந்த விதிகளின்படி பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்யணும். கடைக்காரர் காட்டும் பில் மட்டும் போதாது. எனவே புழு டப்பாவைத் தயார் செய்யும் முன், வளர்க்கப்போகும் உயிரினம் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று வனத்துறையிடம் கேட்டுவிடுவது நல்லது.