பெருந்தொற்றுக் காலத்தில் சிகிச்சைக்கான பணம் எங்கிருந்து வந்தது?

2021ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள், தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குக் கொரோனாத் தொற்று உறுதி செய்யப்பட்டது. இரண்டாம் அலையின் உச்சம் அது. அதே நாளில் நம் கடற்கரையில் வேறொரு நெருக்கடியும் இருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீளும் மீன்பிடித் தடைக்காலத்தின் நடுப்பகுதி அது. ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் விசைப்படகுகள் கரையில் நின்றன. படகில் கூலிக்குச் செல்பவருக்கும், ஐஸ் உடைப்பவருக்கும், மீன் விற்கும் பெண்களுக்கும் வருமானம் இல்லை. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் தென்னையையும் கூரையையும் இழந்து வாங்கிய கடனையே பல குடும்பங்கள் அப்போது அடைத்துக்கொண்டிருந்தன. நோய் மிகுந்த மாதமும் கையில் காசில்லாத மாதமும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன.

அந்த நாட்களில் எங்களிடம் வந்தவர்களில் பலர் தாமதமாகவே வந்தார்கள். விசைப்படகுத் தொழிலாளி ஒருவரை ஆறு நாள் காய்ச்சலுக்குப் பிறகு, மூச்சு வாங்கிய நிலையில், அவருடைய மனைவியும் மைத்துனரும் அழைத்து வந்தார்கள். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 82 விழுக்காடாக இருந்தது. நோயைப் பற்றி நாங்கள் பேசத் தொடங்கும் முன்பே அந்த அம்மா கேட்ட கேள்வி, "எவ்வளவு ஆகும், டாக்டர்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு அஞ்சியே ஆறு நாட்களும் வீட்டில் கழிந்திருக்கின்றன. அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது என்பதைப் பிறகே அறிந்தோம். அவரை 108 ஊர்தியில் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். அவர் பிழைத்து வந்தார். அங்கே சிகிச்சைக்கென்று ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. ஆனாலும் உடனிருந்தவர்களின் சாப்பாட்டுக்கும், ஊரடங்கில் வாடகைக் காருக்கும், வீட்டில் இருந்தபோது வாங்கிய மருந்துகளுக்குமாக ஒரு சங்கிலி அடகுக்குப் போயிருந்தது.

இந்த இதழில் வழக்கமாக நோய்களைப் பற்றியே எழுதுகிறோம். இம்முறை பணத்தைப் பற்றி எழுதுகிறோம். கொள்ளைநோய் பரவும்போது ஒரு நோயாளியின் கட்டில் வரை பணம் எவ்வழியே வருகிறது என்பதை அறியாதவர்கள், வராத பணத்தை நம்பியோ, இருக்கும் உதவியை அறியாமலோ உயிரை இழக்கிறார்கள்.

மருத்துவச் செலவை ஏற்பவர்கள் பொதுவாக மூவர்: அரசு, காப்பீடு, நோயாளியின் குடும்பம். முதல் இருவரும் ஏற்காததெல்லாம் மூன்றாமவர் தலையில் விழும். தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுத்த பங்கு 2013-14இல் 64.2 விழுக்காடு; 2021-22இல் அது 39.4 விழுக்காடாகக் குறைந்தது. நல்ல மாற்றம்தான். ஆயினும் நூறு ரூபாய்ச் செலவில் ஏறத்தாழ நாற்பது ரூபாயை இன்னமும் குடும்பமே தருகிறது. 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, அரசுகளின் சுகாதாரச் செலவு 2025க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்றது. 2021-22இல், அதாவது பெருந்தொற்றுக்காக அரசுகள் அள்ளிச் செலவிட்ட ஆண்டிலேயே, அது 1.84 விழுக்காடாகத்தான் இருந்தது.

பெருந்தொற்றில் நம்மைத் தாங்கியவற்றுள் பெரும்பாலானவை அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அமைக்கப்பட்டவை. முதலாவதாகத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைச் சொல்ல வேண்டும். 1994இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தின் பெயரை நோயாளிகள் மாத்திரை அட்டையில் மட்டுமே பார்த்திருக்கக்கூடும். மாநிலத்தின் அரசு மருத்துவமனைகள் அனைத்துக்கும் தேவையான மருந்தை ஒரே ஒப்பந்தப்புள்ளியில் கொள்முதல் செய்து, ஆய்வகத்தில் தரம் பார்த்து, மாவட்டக் கிடங்குகளில் வைப்பது இதன் பணி. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் போன்ற ஒரு புத்தகம் உண்டு. அதில் குறிக்கப்பட்ட தொகைக்குள், தமக்கு எந்த மருந்து வேண்டுமோ அதைக் கிடங்கிலிருந்து பெற்றுக்கொள்ளலாம், ரொக்கம் கைமாறுவதில்லை. கேட்பதற்கு இது வெறும் கணக்கு வழக்காகத் தோன்றும். ஆனால் 2020 மார்ச்சில் முகக்கவசத்துக்கும் பரிசோதனைப் பொருட்களுக்கும் உலகமே சந்தையில் முட்டிமோதியபோது, தமிழ்நாடு புதிதாக ஒரு கொள்முதல் அமைப்பை உருவாக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கவில்லை. தொற்றுப் பரிசோதனைக்குத் தனியார் ஆய்வகங்கள் 4,500 ரூபாய் வரை வாங்கலாம் என்று உச்சவரம்பு விதிக்கப்பட்ட அதே நாட்களில், அரசு ஆய்வகங்களில் அது இலவசமாக நடந்தது.

இரண்டாவது, மாதச் சம்பளம் பெறும் அரசு மருத்துவர்கள், செவிலியர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள். மூன்றாவது காப்பீடு. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்து வருவதில், குடும்பத்துக்கான தவணைத் தொகை முழுவதையும் அரசே செலுத்துகிறது. பலரும் அறியாத ஒன்று, இதில் அரசு மருத்துவமனைகளும் தாம் அளித்த சிகிச்சைக்கான தொகையைப் பெறுகின்றன. அத்தொகை கருவிகள் வாங்கவும் வார்டுகளைச் சீர்செய்யவும் பயன்படுகிறது. 2021 மே 7ஆம் நாள் பதவியேற்ற அரசு அன்றே பிறப்பித்த ஆணைகளில் ஒன்று, தனியார் மருத்துவமனைகளில் கொரோனாச் சிகிச்சை பெறுவோரின் செலவை இத்திட்டத்தின் வழியே அரசே ஏற்கும் என்பது. அவ்வாணையை உடனே நடைமுறைப்படுத்த முடிந்ததற்குக் காரணம், அட்டைகளும் கணினிப் பதிவுகளும் மருத்துவமனைப் பட்டியலும் ஏற்கெனவே இருந்ததே.

நோய் வந்த பிறகு ஒதுக்கப்பட்ட பணம் வேறு வகையானது. மத்திய அரசு 2020 ஏப்ரலில் 15,000 கோடி ரூபாயும், 2021 ஜூலையில் இரண்டாம் கட்டமாக 23,123 கோடி ரூபாயும் அவசரகாலத் தொகுப்பாக அறிவித்தது. இவற்றால் படுக்கைகளும் ஆக்சிஜன் வசதிகளும் ஆய்வகங்களும் வந்தன. அதை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இரண்டாம் தொகுப்பு ஒப்புதல் பெற்றபோது இரண்டாம் அலை வடிந்துகொண்டிருந்தது. மேலும் அவசரப் பணம் இயந்திரத்தை வாங்கித் தரும். அதை இயக்கும் மனிதருக்கு ஆண்டுதோறும் சம்பளம் தராது. பெருந்தொற்றுக்காக ஒப்பந்த முறையில் சேர்க்கப்பட்டிருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31உடன் முடிவுக்கு வந்தது. தீவிர சிகிச்சையில் இரண்டாண்டு பழகிய கைகள் அவை. அடுத்த தொற்றின்போது புதியவர்களைத் தேடிப் பழக்க வேண்டும். இதை எந்தக் கட்சியின் குறையாகவும் சொல்லவில்லை. அவசரத்துக்கு ஒதுக்கும் பணத்தின் இயல்பே இது.

நம்மைவிட ஏழ்மையான நாடுகளில் இந்த இயல்பு இன்னும் கொடுமையாக வெளிப்பட்டது. 2014 முதல் 2016 வரை கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் எபோலா பரவி 11,300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நோய் தீவிரமாக இருந்தபோதே இடர்ப்படி கேட்டு லைபீரியாவில் சுகாதாரப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்தது. இனி இப்படி ஆகக்கூடாது என்று உலக வங்கி ஒரு பெருந்தொற்று நிதி ஏற்பாட்டை உருவாக்கி, 2017இல் 32 கோடி டாலருக்குப் பத்திரங்களை வெளியிட்டது. அதுவும் ஒருவகைக் காப்பீடுதான். பணம் வருவதற்கு நிபந்தனைகள் இருந்தன. நோய் ஒரு நாட்டோடு நிற்காமல் இன்னொரு நாட்டுக்கும் பரவி, அங்கேயும் குறைந்தது 20 பேர் இறந்திருக்க வேண்டும் என்பது எபோலாவுக்கான நிபந்தனைகளுள் ஒன்று. 2018இல் காங்கோ ஜனநாயகக் குடியரசில் மீண்டும் எபோலா பரவி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, நோய் பெருமளவில் எல்லை தாண்டாததால் அந்தக் காப்பீட்டுப் பகுதியிலிருந்து எதுவும் வரவில்லை. அதனோடு இணைந்த சிறு ரொக்க நிதி மட்டுமே உதவியது. கொரோனாவுக்கு அது 2020 ஏப்ரலில் 64 ஏழை நாடுகளுக்கு ஏறத்தாழ 19.6 கோடி டாலர் வழங்கியது. அதற்குள் நோய் உலகெங்கும் பரவிவிட்டிருந்தது. எத்தனை பேர் இறந்தால் பணம் வரும் என்று எழுதிவைத்த பத்திரத்தை, உயிரைக் காக்கும் ஏற்பாடு என்று அழைக்க மருத்துவர்களாகிய எங்களுக்கு நா எழவில்லை.

பணம் இருந்தால் போதுமா என்றால் அதுவும் இல்லை. இரண்டாம் அலையின்போது சென்னை கீழ்ப்பாக்கத்தில் ரெம்டெசிவிர் மருந்துக்காக மக்கள் வெயிலில் வரிசையில் நின்றதை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நகையை விற்றுக் கள்ளச்சந்தையில் வாங்கியவர்களும் உண்டு. ஆனால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நோயாளிகளின் இறப்பை அம்மருந்து குறைப்பதாகப் போதிய சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே கூறியிருந்தது. (நோய் முற்றாத நிலையில் சிலருக்கு அது பயன்படலாம் என்பது 2022இல் வந்த பிந்திய கருத்து.) மறுபுறம், டெக்சாமெத்தசோன் என்ற மிகப் பழைய, சில ரூபாய் விலையுள்ள மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று 2020 ஜூனில் இங்கிலாந்தில் நடந்த ஆய்வு காட்டியது. அதற்காக யாரும் வரிசையில் நிற்கவில்லை. அது எல்லா அரசு மருத்துவமனையிலும் இருந்தது. குடும்பங்கள் வெளியே அலைந்து தேடிய நேரத்தையும் பணத்தையும் நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. அந்தச் சீட்டுகளில் சிலவற்றை எழுதியவர்கள் மருத்துவர்களே என்பதையும் மறைப்பதற்கில்லை.

எங்களைப் போன்ற சிறு ஊர் மருத்துவமனைகளின் நிலையையும் ஒரு சொல் கூறிவிடுகிறோம். 2020 ஜூனில் தனியார் மருத்துவமனைகளின் கட்டணத்துக்கு அரசு வரம்பு விதித்தது. பொது வார்டுக்கு மருத்துவமனையின் தரத்தைப் பொறுத்து நாளொன்றுக்கு 5,000 அல்லது 7,500 ரூபாய். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அதிகபட்சம் 15,000 ரூபாய். ஊரடங்கில் வெளிநோயாளர்கள் வராமல் வருமானம் நின்று, கவச உடைச் செலவு ஏறியிருந்ததால் அவ்வரம்பு எங்களுக்கு வசதியாக இருக்கவில்லை. இருப்பினும் அது சரியான செயல் என்றே கருதுகிறோம். மூச்சுத் திணறலோடு வருபவர் விலை பேச முடியாது.

இனி உங்கள் பக்கத்துக்கு வருவோம். காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சிகிச்சை இலவசம். அட்டை இல்லை என்று வீட்டில் தங்கிவிட வேண்டாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் அட்டை பெறலாம். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குச் செல்ல வேண்டும். மீமிசலிலிருந்து புதுக்கோட்டை போய்வர ஒரு நாள் கூலி போய்விடும் என்பதை அறிவோம். அதனால்தான் வருமானம் இருக்கும் மாதத்திலேயே போய் வந்துவிடச் சொல்கிறோம். மூச்சுத் திணறும் ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு சான்றிதழுக்கு அலைய முடியாது. ஏற்கெனவே அட்டை வைத்திருப்பவர்கள், திருமணமாகி வந்த மருமகளின் பெயரும் பிறந்த குழந்தையின் பெயரும் அதில் உள்ளனவா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் 104 என்ற எண்ணில் கேட்கலாம். எங்கள் வரவேற்பு மேசையிலும் அட்டையைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

காப்பீடு தராத செலவுகளும் உண்டு: உடனிருப்பவரின் உணவு, பேருந்து, இழந்த கூலி. இவற்றைப் பெரும்பாலும் குடும்பமே ஏற்க வேண்டியிருக்கிறது. மீனவர் குடும்பங்களுக்குத் தடைக்கால நிவாரணம் வருவதுபோல, நோயாளியின் உடனிருப்பவருக்கும் நாளொன்றுக்கு ஒரு சிறு தொகை என்ற ஏற்பாடு இருந்திருந்தால், அந்தச் சங்கிலி அடகுக்குப் போயிருக்காது. அதை மீட்க அந்தக் குடும்பத்துக்கு அடுத்த தடைக்காலம் வரை ஆயிற்று என்று அந்த அம்மா பின்னொரு நாள் மறுபரிசோதனைக்குக் கணவரோடு வந்தபோது சொன்னார். இப்போது அட்டை டிரங்குப் பெட்டியில் இல்லையாம். குடும்ப அட்டையோடு சேர்த்து, கதவுக்குப் பின்னால் தொங்கும் பையில் இருக்கிறதாம்.